சிமிழில் வைத்த லென்ஸ்

1. முதல் நாள்

ஈப்போவில் அந்த மூக்குக்கண்ணாடிக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு நாற்பத்தொரு வயது. அது என் பன்னிரண்டாவது வேலை. நான் பள்ளியைப் படிவம் இரண்டோடு, பதினான்கு வயதில் விட்டவள். கோலா கங்சார் பக்கம் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தை விற்று மரங்களைச் சாய்த்த வருடம், குடியிருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். புதிதாகப் போன இடத்திலிருந்து பள்ளிக்குப் பஸ் கிடையாது. அதற்குப் பிறகு பினாங்கில் மின்னணுத் தொழிற்சாலை, ஜொகூரில் துணிக்கடை, சிங்கப்பூரில் ஆபீஸ் கூட்டும் வேலை, கேமரன் மலையில் காய்கறி கட்டும் வேலை என்று ஓடிக்கொண்டே இருந்தேன். என்னை யாரும் துரத்தவில்லை. ஓர் இடத்தில் ஒன்றரை வருடம் ஆனால் கால் பரபரக்கத் தொடங்கிவிடும், அவ்வளவுதான்.

கடை முதலாளி மேடம் லியோங். அவரே ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது கண் பரிசோதித்துக் கண்ணாடியும் லென்ஸும் எழுதிக்கொடுப்பவர். என்னிடம் மலாயில்தான் பேசுவார். பினாங்கில் மைக்ராஸ்கோப்பில் பார்த்து முடியைவிட மெல்லிய கம்பிகளை ஒட்டியவள் என்று சொன்னதும், கை நடுங்காத ஆள்தான் வேண்டும் என்று மறுநாளே வரச் சொல்லிவிட்டார்.

முதல் நாள் ஒரு டிஷ்யூ தாளின் மேல் மூன்று லென்ஸை வைத்து என்ன வித்தியாசம் என்று கேட்டார். இரண்டு கொழகொழவென்று இருந்தன, ஒன்று சட்டைப் பொத்தான் மாதிரி விறைப்பாக இருந்தது. அதைச் சொன்னேன். பாதி சரி என்றார். கொழகொழப்பான இரண்டில் ஒன்று தினசரி லென்ஸ்: காலையில் போட்டு மாலையில் குப்பையில் போட வேண்டியது. மற்றது மாதாந்திர லென்ஸ்: தினமும் கழற்றி, அதற்கென்று உள்ள மருந்துநீரில் தேய்த்து, அதிலேயே ஊறவைத்து, ஒரு மாதம் போடலாம். விறைப்பானது ஆர்.ஜி.பி.: அளவில் சின்னது, கருவிழியின் மேல் மிதக்கும், ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இரண்டு வருடம்கூட வரும். கண்ணில் போட்டால் முதல் வாரம் மணல் விழுந்த மாதிரி உறுத்தும். ஆனால் சிலருக்கு அதை விட்டால் வேறு வழி கிடையாது.

லென்ஸை எழுதிக்கொடுப்பது மேடம். அதைப் போட, கழற்ற, கழுவச் சொல்லிக்கொடுப்பது என் வேலை.

வருகிறவர்கள் பெரும்பாலும் விலையைக் கேட்பார்கள், இல்லாவிட்டால் நிறத்தைக் கேட்பார்கள். அவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும் என்று நான் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கற்றுக்கொண்டேன். புந்தோங் பக்கம் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றுக் கடை வைத்திருந்த ஓர் அக்கா, மாதாந்திர லென்ஸ்தான் மலிவு என்று பிடிவாதமாக வாங்கிப் போனார். மூன்றாம் நாள் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தார். மிளகாய் அரைத்த கை. எத்தனை முறை சோப்புப் போட்டாலும் காரம் விரலில் தங்கிவிடும், லென்ஸ் அதைக் குடித்துக்கொள்ளும். மேடம் அவருக்குத் தினசரி லென்ஸை மாற்றிக் கொடுத்து, அதையும் காலையில் மிளகாயைத் தொடும் முன்பே போட்டுக்கொள்ளச் சொன்னார். "கழட்டுறப்போ என்ன பண்றது?" என்று அக்கா கேட்டார். மகளைக் கழற்றச் சொல்லுங்கள் என்றேன். "அவ கண்ணையே கழட்டிருவா லா" என்றார். கடைசியில் மூக்குக்கண்ணாடிக்கே திரும்பிப் போனார்.

இப்படி இரண்டு வருடம் போனது. எனக்கு அதுவே அதிகம். தெரிந்துவிட்டது என்ற நினைப்பும் கூடவே வந்துவிட்டது.

2. குணா

குணசேகரன் சுங்காய் பக்கம் ஒரு தோட்டத்தில் லாரி ஓட்டுபவர். முன்பு ரப்பர், இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. குலைகளை ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோகும் வேலை. முப்பத்து மூன்று வயது. அவருக்குக் கருவிழி நடுவில் மெலிந்து கூம்பு மாதிரி வெளியே தள்ளிக்கொண்டு வரும் நோய். மூக்குக்கண்ணாடி எத்தனை மாற்றினாலும் எதிரே வரும் வண்டியின் விளக்கு ஐந்தாறாகத் தெரியும். இடது கண் ஏற்கெனவே தழும்பாகி ஒதுங்கிவிட்டது. வலது கண்ணில் ஆர்.ஜி.பி. போட்டால் மட்டும் கண் பரிசோதனை அட்டையில் கடைசிக்கு முந்தின வரி வரைக்கும் படிப்பார். அந்த ஒரு கண்ணில்தான் லாரி ஓடியது, வீடும் ஓடியது.

நல்ல மாணவர். கையைக் கழுவி, துண்டில் துடைத்து, லென்ஸைத் தேய்த்து, டப்பியை வாரம் ஒருமுறை காயவைத்து என்று நான் சொன்னதை எல்லாம் அப்படியே செய்வார். ஒன்றரை வருடத்தில் ஒரு நாள்கூட அந்தக் கண் சிவந்ததில்லை.

தைப்பூசத்துக்கு ஏழு வாரம் இருக்கும்போது மருந்துநீர் வாங்க வந்தார். தாடி விட்டிருந்தார், மஞ்சள் துண்டு, செருப்பில்லாத கால். மகள் டெங்கிக் காய்ச்சலில் கிடந்தபோது காவடி நேர்ந்துகொண்டாராம். தோட்டத்துக் கோயிலிலேயே தங்கி விரதம். நான் பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். இதுல கவுச்சி கிவுச்சி ஏதும் இருக்கா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மேடம் பத்தடி தள்ளி உள்ளறையில்தான் இருந்தார். ஆனால் எனக்கு ஒரு விசயம் ஞாபகம் வந்தது. நான் சேர்ந்த புதிதில், கம்பெனிச் சரக்கு கொண்டுவரும் ஓர் ஆள் பேச்சுவாக்கில் சொன்னது. லென்ஸில் படியும் புரதத்தை எடுக்க வாரம் ஒருமுறை போடும் மாத்திரை பன்றியின் வயிற்றிலிருந்து எடுப்பது என்றார். எந்தக் காலத்து மாத்திரை, எந்தக் கம்பெனி என்று நான் கேட்கவில்லை. அதை அப்படியே எடுத்து நீட்டினேன்.

"தண்ணியில இல்ல. அந்த மாத்திரை இருக்கே, அது பன்னி வயித்துல இருந்து எடுக்குறது."

"நெசமாவா?"

"அப்படித்தான் லா. இந்த வேலையில இருக்குறவங்க எல்லாருக்கும் தெரியும்."

அவர் பைக்கு நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். தைப்பூசம் முடிகிறவரை மாத்திரையை மட்டும் விட்டுவிடுங்கள், மற்றதெல்லாம் வழக்கம் போல என்று சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, பையின் காதை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார். விரதக்காரருக்கு ஒத்தாசை செய்துவிட்டேன் என்ற திருப்தியில் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

3. சிவப்பு

நான்காவது வாரம் அவர் மனைவி தேவி கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தார். குணா கண்ணின் மேல் துண்டைப் போட்டிருந்தார். கடையின் குழல்விளக்கையே அவரால் தாங்க முடியவில்லை. பாதத்தில் செம்பனை முள் ஏறி முறிந்தபோதும் ஆலை வரைக்கும் லாரியை ஓட்டிப்போனவர் என்று தேவி பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் நாற்காலியில் உட்கார முடியாமல் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார்.

மேடம் கருவியில் வைத்துப் பார்த்தார். லென்ஸை எதில் கழுவுகிறீர்கள் என்று கேட்டார். கடையில் கொடுத்த மருந்தில்தான் என்றார் குணா. குழாய்த் தண்ணீர் படுகிறதா என்று கேட்டார். இல்லை என்றார். மேடம் மறுபடியும் கேட்க, என் பக்கம் முகத்தைத் திருப்பிவிட்டு மறுபடியும் இல்லை என்றார். வலியில் திருப்புகிறார் என்று நினைத்தேன்.

மேடம் கடிதம் எழுதி, அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அங்கே படுக்கையில் சேர்த்துக்கொண்டார்கள். லென்ஸ் போடுகிறவர்களுக்கு வழக்கமாக வரும் கிருமி என்று வைத்து மருந்து ஊற்றினார்கள். அங்கேயும் என்ன தண்ணீர் என்று கேட்டிருக்கிறார்கள், அங்கேயும் அதே பதில். பத்து நாள் ஆகியும் கண் அடங்கவில்லை. கருவிழியில் வெள்ளையாக ஒரு வளையம் கட்டத் தொடங்கியது.

பதினோராம் நாள் நான் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். குணா தூக்க மருந்தில் படுத்திருந்தார். தேவி என்னை நடைவழிக்குக் கூட்டிப்போனார். சுற்றிலும் பார்த்துவிட்டுத்தான் பேசினார்.

"அக்கா, நீங்க கோவிச்சுக்காதீங்க. அந்த மருந்துத் தண்ணிய அவரு தொடவே இல்ல. பன்னின்னு நீங்க சொன்னீங்களாம்."

"மாத்திரையைத்தானே சொன்னேன்."

"எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே பையின்னாரு. கோயில் கெணத்துத் தண்ணியிலதான் கழுவினாரு. சாமிக்கு ஊத்துற தண்ணி, அதவிட சுத்தம் என்ன இருக்குன்னாரு."

டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தேவி தரையைப் பார்த்தார்.

"நான் சொல்றேன்னுதான் சொன்னேன். வேணாம்னுட்டாரு. அக்கா பேரு வந்துரும், அவங்களுக்கு வேல போயிரும், பாவம், இப்பத்தான் ஒரு எடத்துல நிக்கிறாங்கன்னாரு."

4. பஸ் நிலையம்

ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கடைக்குப் போயிருக்க வேண்டும். நான் பஸ் நிலையத்துக்குப் போனேன். யோசித்துப் போகவில்லை. எங்கே வேலையில் ஏதாவது பிசகு நடந்தாலும் என் கால் அங்கேதான் போகும். ஜொகூரில் அப்படித்தான் போனேன், சிங்கப்பூரில் அப்படித்தான். அடையாள அட்டையும் கொஞ்சம் பணமும் எப்போதும் கைப்பையில் இருக்கும். துணிமணிக்காக நான் எந்த ஊரிலும் நின்றதில்லை.

ஜொகூர் பஸ் கிளம்ப முக்கால் மணி நேரம் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தேன், எழுந்தேன், தண்ணீர் வாங்கினேன், குடிக்காமல் உட்கார்ந்தேன். நான் போனால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. குணா வாயைத் திறக்க மாட்டார். ஆனால் அவர் திறக்காத வரைக்கும் டாக்டர் அதே மருந்தைத்தான் ஊற்றிக்கொண்டிருப்பார். இது எனக்குப் பெரிய ஞானமாகத் தோன்றவில்லை, கணக்கு மாதிரி தோன்றியது. அவருக்கு இருப்பது ஒரு கண். அதில் பதினொரு நாள் ஏற்கெனவே போய்விட்டது.

மேடத்துக்குப் போன் செய்தேன். நான் சொன்னதை, குணா செய்ததை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். மேடம் என்னைத் திட்டவில்லை, என்ன தண்ணீர் என்று மட்டும் கேட்டார். கிணறு என்றேன். லென்ஸும் அது வைத்திருந்த டப்பியும் வேண்டும், கழுவாமல், துடைக்காமல், உள்ளே இருக்கும் தண்ணீரோடு இன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும், டாக்டரிடம் நான் பேசிவிடுகிறேன் என்றார்.

ஜொகூர் பஸ்ஸுக்குப் பக்கத்தில் சுங்காய் வழியாகப் போகும் பஸ் நின்றது. அதில் ஏறினேன். வழி முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பீடோர் தாண்டியதும் எழுந்து வாசலுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். கம்பியைப் பிடி என்று டிரைவர் இரண்டு முறை சத்தம் போட்டார்.

5. கிணறு

சுங்காயிலிருந்து வாடகைக் கார் பிடித்துத் தோட்டத்துக்குப் போனேன். தேவி போனில் சொல்லியிருந்தபடி சாவி பூந்தொட்டிக்கு அடியில் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் வேலிக்கம்பத்தில் எங்கள் கடையின் பிளாஸ்டிக் பை தொங்கியது. உள்ளே மருந்துநீர்ப் பாட்டில்கள், மூடியில் முத்திரைகூடப் பிரியாமல், மழைத் தண்ணீரில் மிதந்தன. நான் அவருக்குக் கொடுத்த பிளாஸ்டிக் டப்பியும் அதற்குள்தான் கிடந்தது. மருந்து பட்டது என்று அதையும் வெளியே வைத்துவிட்டிருக்கிறார்.

கோயில் நூறு அடி தூரத்தில், செம்பனை மரங்களுக்கு நடுவே இருந்தது. பூசாரியிடம் குணா லென்ஸ் வைத்திருந்த இடம் எது என்று கேட்டேன். அவர் சந்நிதிக்கு ஓரமாக இருந்த மாடத்தைக் காட்டினார். விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைக் குங்குமச் சிமிழ். மூடியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. திறந்து பார்த்தேன். அரை ஸ்பூன் தண்ணீர், அதில் லென்ஸ். ஓரத்தில் பாசி பிடித்த மாதிரி லேசாகப் பச்சை. சிமிழை அவர் நன்றாகத் தேய்த்து வைத்திருந்தார், வெளிப்பக்கம் பளபளவென்று இருந்தது. நான் சொல்லிக்கொடுத்த ஒழுங்கு முழுவதும் அதில் இருந்தது. தண்ணீர் மட்டும்தான் வேறு.

கிணற்றிலிருந்தும் ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டேன். இறைத்துக் கொடுத்துவிட்டு, பூசாரிக்கு மனம் ஆறவில்லை.

"நாங்க குடிக்கிற தண்ணிதான் தாயி. முப்பது வருசமா யாருக்கும் ஒண்ணும் ஆனதில்ல."

அது பொய்யில்லை. அன்றைக்கு மாலை ஆஸ்பத்திரியில் டாக்டரும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னார். கிணற்றில், ஆற்றில், குழாயில்கூட இருக்கும் ஒரு பொடி உயிர். குடித்தால் வயிறு அதைக் கொன்றுவிடும். லென்ஸுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் அதற்குச் சாப்பிடக் கருவிழியைத் தவிர வேறொன்றும் இல்லை. சிமிழை வாங்கிப் பார்த்துவிட்டு, சோதனை முடிவு வர நாளாகும், நான் காத்திருக்கப்போவதில்லை என்றார். அப்போதே கருவிழியைச் சுரண்டி எடுத்து அனுப்பிவிட்டு மருந்தை மாற்றினார். இரண்டு நாள் இரவும் பகலும் மணிக்கு ஒரு சொட்டு. பிறகு மாதக்கணக்கில்.

மறுநாள் மேடம் பழைய மாத்திரையைப் பற்றி விசாரித்துச் சொன்னார். அந்த விற்பனை ஆள் சொன்னது முன்னொரு காலத்துச் சரக்கு. எங்கள் கடையில் இருந்ததில் எந்த மிருகத்தின் எதுவும் கிடையாது. என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. ஆனால் ஆறு மாதம் வாடிக்கையாளரிடம் பேசவிடவில்லை. பின்னறையில் கண்ணாடி தேய்க்கும் எந்திரத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

6. படுக்கை

குணாவிடம் நானே சொல்லவேண்டியிருந்தது. மருந்து மாறி நான்காவது நாள் போனேன். வலது கண்ணில் மூடி போட்டிருந்தார்கள். இடது கண்ணுக்கு ஆள் உருவம்தான் தெரியும்.

"யாரு, அக்காவா? ஏன் நிக்கிறீங்க, ஒக்காருங்க."

நான் உட்காரவில்லை. "குணா, நான் தப்பா சொல்லிட்டேன். அதுல பன்னியும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொன்னேன்."

தாதி வந்து சொட்டு விட்டுப் போனாள். அந்தச் சொட்டு எரியும் போலிருந்தது, கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். பிடி தளர நேரமானது.

"அப்ப அந்தத் தண்ணி நல்ல தண்ணிதான்."

"ஆமா."

"மாத்திரைய மட்டும்தான் விடச் சொன்னீங்க. நான்தான் எல்லாத்தையும் தூக்கி வெளிய வச்சேன்."

"நான் சொல்லித்தானே வச்சீங்க."

வார்டில் யாரோ ரேடியோவைச் சின்னதாக வைத்திருந்தார்கள். தைப்பூசத்துக்கு இன்னும் ஒன்பது நாள். அவர் அதைப் பற்றித்தான் நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. திட்டுவார், திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"சரி விடுங்க. பசியாறிட்டீங்களாக்கா?" என்று கேட்டார்.

பசியாறிவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

7. மூன்று லென்ஸ்

கண் பிழைத்தது. முழுதாக இல்லை. கருவிழியின் நடுவுக்குச் சற்றுக் கீழே வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. லாரி போனது. தோட்டத்தில் நாற்றுமேட்டில் பையில் மண் நிரப்பும் வேலை கொடுத்தார்கள். அந்த வேலைக்குக் கண் அதிகம் வேண்டாம், விரல் போதும்.

அந்தப் பத்து மாதமும் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் என் கால் பரபரத்தது. இரண்டு முறை வேலைவிலகல் கடிதம் எழுதினேன். கொடுக்கவில்லை. அவருக்கு மறுபடியும் லென்ஸ் போடும் நாள் வரைக்கும் இருப்பது என்று எனக்குள் ஒரு கெடு வைத்திருந்தேன்.

இனி லென்ஸ் பார்க்கலாம் என்று டாக்டரிடமிருந்து கடிதம் வந்ததும் மேடம் மூன்றை எடுத்து வைத்தார். இந்தத் தடவை நான் வாயைத் திறக்காமல் பக்கத்தில் நின்றேன். முதலாவது, பழைய மாதிரி சின்ன ஆர்.ஜி.பி.: பழகினது, ஆனால் இப்போது தழும்பின் மேட்டில் உரசும். இரண்டாவது, அடியில் ஒரு மெல்லிய சாஃப்ட் லென்ஸ், அதன் மேல் ஆர்.ஜி.பி.: உரசாது, ஆனால் இரண்டையும் தனித்தனியாகப் பராமரிக்க வேண்டும், தவறு செய்ய இரண்டு மடங்கு இடம். மூன்றாவது, ஸ்கிலீரல் என்னும் பெரிய லென்ஸ்: கருவிழியைத் தொடாமல் வெள்ளை விழியில் குடை மாதிரி உட்காரும், தழும்புக்கு மேலே ஒரு சொட்டு சேலைன் உப்புநீர் எப்போதும் நிற்கும், மண் தூசு உள்ளே போவது குறைவு. ஆனால் போடுவது கஷ்டம். சேலைனை நிரப்பி, குனிந்து, ரப்பர் உறிஞ்சியால் பிடித்து, காற்றுக்குமிழ் வராமல் வைக்க வேண்டும்.

குணா மூன்றையும் போட்டுப் பார்த்தார். முதலாவதில் கண்ணீர் நிற்கவில்லை. இரண்டாவதில் வசதியாக இருந்தது, நான்காவது வரி படித்தார். மூன்றாவதில் ஐந்தாவது வரி, அதிலும் ஓர் எழுத்து தப்பு.

"இதுக்கு லாரி லைசென்சு கெடைக்குமா மேடம்?" என்று மலாயில் கேட்டார்.

மேடம் கிடைக்காது என்றார். சுற்றி வளைக்கவில்லை. குணா அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நாற்றுமேட்டில் மண் பறக்கிறது, தண்ணீரும் தெறிக்கிறது, பெரியதையே கொடுங்கள் என்றார். மேடம் என்னைப் பார்த்தார். சொல்லிக்கொடுக்கும் வேலையை நான்கு மாதத்துக்கு முன்பே திருப்பித் தந்திருந்தார், இருந்தாலும் இந்த ஆளுக்கு நான்தானா என்று எனக்குச் சந்தேகம். குணாவே நாற்காலியை என் மேசைப் பக்கம் நகர்த்தினார்.

நான்கு தடவை உட்கார்ந்தோம். ஒவ்வொரு பாட்டிலின் தாளையும் வரிவரியாகப் படித்தேன். என் இங்கிலீஷுக்கு அது எட்டாது. புரியாத சொல்லில் விரலை வைத்துக்கொண்டு மேடத்திடம் போய்க் கேட்டு வந்து சொன்னேன். ஒரு தாளுக்கு ஒரு மணி நேரம். "அக்கா, பரீட்சைக்கா படிக்கிறோம்" என்று குணா அலுத்துக்கொண்டார். ஆனால் எழுந்து போகவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்கிறேன். லென்ஸை விற்கும் முன் அந்த ஆளின் வீட்டில் என்ன தண்ணீர், கையில் என்ன வேலை, விரதம் உண்டா, நோன்பு உண்டா என்று கேளுங்கள். அவர்கள் உங்களைக் கேட்கும்போது தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். கடையில் நிற்கிறவள் வாயிலிருந்து வருவதை ஜனங்கள் மருந்துச் சீட்டு மாதிரி எடுத்துப் போகிறார்கள். அடுத்த தைப்பூசம் முடிந்து இரண்டு மாதத்தில் நான் அந்தக் கடையை விட்டேன். இப்போது தைப்பிங்கில் வேறொரு கடையில் இதே வேலை. இதையும் எத்தனை நாள் பார்ப்பேன் என்று தெரியாது.

8. காவடி

நேர்த்திக்கடன் நிற்கிறதே என்று குணா அடுத்த தைப்பூசத்துக்கு மறுபடியும் விரதம் எடுத்தார். இந்தத் தடவை மருந்துநீர்ப் பாட்டில் கோயில் மாடத்திலேயே இருந்தது. பூசாரியே இடம் ஒதுக்கிக் கொடுத்தாராம். ஒரு வாரம் இருக்கும்போது கடைக்கு வந்தார். காவடி எடுக்கிற அன்றைக்கு எந்த லென்ஸ் போடுவது என்று என்னைக் கேட்டார். மேலே தண்ணீர் ஊற்றுவார்கள், முகத்தில் விபூதியை ஊதுவார்கள், எலுமிச்சம்பழம் பிழிவார்கள்.

தெரியாது என்றேன். மேடத்திடம் கேட்டேன், அவருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. டாக்டருக்கு எழுதினார். மூன்று நாளில் பதில் வந்தது. தண்ணீரும் சாம்பலும் படுகிற இடத்தில் எதையும் போட வேண்டாம். அன்றைக்கு லென்ஸே வேண்டாம்.

அப்படியானால் குணாவுக்கு ரோடு தெரியாது. தேவி பால்குடம் எடுக்கிறார், கையைப் பிடிக்க முடியாது.

"அக்கா, நீங்க முன்னால நடங்க. என்ன இருக்குன்னு சொல்லிக்கிட்டே வாங்க, போதும்."

நான் கோயில் குளம் என்று அலைகிறவள் இல்லை. விரதமும் இருந்ததில்லை. அதைச் சொன்னேன். "ரோடு தெரியுதுல்ல?" என்று கேட்டார்.

காலை எட்டு மணிக்குக் காவடி ஊர்வலத்தில் கிளம்பினோம். தோளில் காவடி, நெற்றி நிறைய விபூதி, கண்கள் திறந்தபடி. ஆனால் அவருக்கு முன்னால் இருந்ததெல்லாம் வெறும் நிறம். நான் பின்புறமாகவே நடந்தேன், அவர் பாதத்தைப் பார்த்தபடி, அவ்வப்போது திரும்பி ரோட்டைப் பார்த்தபடி. ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கக்கூடிய தூரத்துக்கு நான்கு மணி நேரம் ஆனது. எனக்கு முழங்கால் துடித்தது, வேகமாக எட்டு வைத்துக் கூட்டத்தைத் தாண்டிப் போக வேண்டும் போலிருந்தது. மேளம் நின்றால் அவர் நிற்பார். அவர் நின்றால் நானும் நிற்க வேண்டும்.

ஓர் இடத்தில் நேர்த்திக்கு உடைத்த தேங்காய் ரோடு முழுக்கச் சிதறிக் கிடந்தது. சில்லுகள் எல்லாம் கத்தி மாதிரி மேலே பார்த்துக்கொண்டிருந்தன. குனிந்து இரண்டு கையாலும் ஒதுக்கினேன். ஒதுக்க முடியாத இடத்தைச் சொன்னேன்.

"எடது பக்கம் ஓடு கெடக்கு. வலது கால எடுத்து வைங்க. தண்ணி. வழுக்கும். இன்னும் ஒரு எட்டு. இப்ப ஒண்ணும் இல்ல."

அவர் வலது காலை எடுத்து வைத்தார். நான் சொன்ன இடத்தில்தான் வைத்தார்.